ரூட்டர்களுக்கான தரநிலைகள் எப்படி உருவாகின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெட்வொர்க் பணிக்குப் புதிதாக வந்தவர்களும் ரூட்டர் மென்பொருள் எழுதத் தொடங்குபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றுக்குப் பழைய கதையைத் தொடக்கத்திலிருந்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

ரூட்டரை எப்படிச் செய்ய வேண்டும் என்று தரநிலை சொல்கிறதா?

இல்லை. பெட்டிக்குள் எந்தச் சிப் இருக்க வேண்டும், மென்பொருளை எந்த மொழியில் எழுத வேண்டும் என்பதெல்லாம் தயாரிப்பவர் விருப்பம். பெட்டிக்கு வெளியே தெரியும் நடத்தை மட்டுமே தரநிலையின் அக்கறை. கம்பியில் என்ன வர வேண்டும், என்ன போக வேண்டும், எந்த வரிசையில் என்பதுதான் அது.

ஒரே ஒரு பைட்டை எடுத்துக்கொள்வோம். ஐ.பி. எனும் இணைய நெறிமுறைப்படி போகும் தரவுப் பொதி ஒவ்வொன்றின் தலைப்பிலும் டி.டி.எல். என்றொரு எண் இருக்கிறது. பொதியைக் கடத்திவிடும் ஒவ்வொரு ரூட்டரும் அதில் ஒன்றைக் குறைக்க வேண்டும். பூஜ்யமானால் பொதியை வீசிவிட்டு, அனுப்பியவருக்கு 'நேரம் முடிந்தது' என்று பிழையைத் தெரிவிக்கும் ஐ.சி.எம்.பி. செய்தியை அனுப்ப வேண்டும். வழியில் எங்காவது சுழல் ஏற்பட்டுவிட்டால், பொதிகள் காலமெல்லாம் சுற்றிக்கொண்டிருக்காமல் இருப்பதற்கு இந்த விதிதான் காரணம். பொதி போகும் வழியைக் காட்டும் டிரேஸ்ரூட் கருவி வேலை செய்வதும் இதை வைத்துத்தான். இந்த விதியை மதிக்காத ரூட்டரால் அதை வாங்கியவர் மட்டுமல்ல, பக்கத்து வலையமைப்பில் இருப்பவரும் அவதிப்படுவார். அதனால்தான் இது தயாரிப்பவரின் விருப்பத்துக்கு விடப்படவில்லை.

இவற்றை எழுதுவது யார்?

ஒரே அமைப்பு அல்ல. ஈதர்நெட்டுக்கான 802.3, வைஃபைக்கான 802.11 ஆகியவை ஐ.இ.இ.இ. அமைப்பின் பொறுப்பு. பெரிய இணைய சேவை நிறுவனங்களின் உள்வலையில் ஓடும் ஐ.எஸ்.-ஐ.எஸ். நெறிமுறை ஐ.எஸ்.ஓ. அமைப்பின் தரநிலையாக வந்தது. இணைய சேவை நிறுவனம் வீட்டு ரூட்டரைத் தொலைவிலிருந்து மேலாண்மை செய்ய உதவும் டி.ஆர்.-069 ஆவணம் பிராட்பேண்ட் ஃபோரம் வெளியிட்டது. ஐ.பி.யும், அதன்மீது ஓடும் ஓ.எஸ்.பி.எஃப்., பி.ஜி.பி. போன்ற, பொதிகளுக்கு வழி கண்டறியும் நெறிமுறைகளும் ஐ.இ.டி.எஃப். எனப்படும் இணையப் பொறியியல் பணிப்படையின் கையில் இருக்கின்றன. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இதைப் பற்றியவை.

ஐ.இ.டி.எஃப்.பில் உறுப்பினராவது எப்படி?

ஆக முடியாது. உறுப்பினர் என்ற நிலையே அங்கே இல்லை. 1986 ஜனவரியில் சான் டியேகோவில் 21 பேர் கூடிய முதல் கூட்டத்திலிருந்து வளர்ந்த அமைப்பு அது. இன்று ஆண்டுக்கு மூன்று முறை கூடுகிறது. ஆனால் கூட்டத்துக்குப் போகாமலேயே பங்கேற்கலாம். பணிக்குழுவின் மின்னஞ்சல் பட்டியலில் சேர்வதற்குக் கட்டணமும் இல்லை, தகுதிச் சான்றும் தேவையில்லை. பேசுபவர் தனிமனிதராகவே பேசுகிறார், அவருடைய நிறுவனத்தின் பிரதிநிதியாக அல்ல. ஏட்டில் அப்படித்தான். ஒருவருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பதை மற்றவர்கள் மறந்துவிடுவதில்லை என்பதும் உண்மை.

வாக்கெடுப்பு உண்டா?

கிடையாது. 'அரசர்களையும் அதிபர்களையும் வாக்கெடுப்பையும் நிராகரிக்கிறோம். ஓரளவு இசைவையும் ஓடும் நிரலையும் நம்புகிறோம்' என்ற பொருளில் இணையத்தின் வடிவமைப்பாளர்களில் ஒருவரான டேவிட் கிளார்க் 1992-இல் சொன்னது இன்றும் அங்கே வேதவாக்கு.

நடைமுறையில், கூட்டத் தலைவர் ஒரு கேள்வியைக் கேட்பார். ஆதரிப்பவர்கள் வாயைத் திறக்காமல் 'ம்ம்ம்' என்று முனகுவார்கள். பிறகு எதிர்ப்பவர்கள் முனகுவார்கள். எந்த ஒலி ஓங்கியிருந்தது என்று தலைவர் கணிப்பார். இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் தலைகளை எண்ண முடியாமல் செய்வதுதான் இதன் நோக்கம். தலைகளை எண்ணினால், ஒரு நிறுவனம் நாற்பது ஊழியர்களை அழைத்து வந்து உட்கார வைத்துவிடலாம். இதை விளக்கும் ஆர்.எஃப்.சி. 7282 (ஐ.இ.டி.எஃப். எண்ணிட்டு வெளியிடும் ஆவணங்களுக்கு ஆர்.எஃப்.சி. என்று பெயர்) 2014-இல் வந்தது. எதிர்ப்பவரின் தொழில்நுட்பக் காரணத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும், அதற்கு அவரைத் திருப்திப்படுத்தியாக வேண்டும் என்று பொருளில்லை என்பது அதன் சாரம். எதிர்ப்பு ஒரே ஒருவரிடமிருந்து வந்தாலும், அவர் சுட்டிய ஓட்டை உண்மையானது என்றால் இசைவு ஏற்படவில்லை என்றே கொள்ள வேண்டும். நூறு பேர் ஆதரித்துவிட்டார்கள் என்பதனால் அந்த ஓட்டை அடைபட்டுவிடாது.

ஒரு யோசனை தரநிலையாக எத்தனை நாள் ஆகும்?

நாள் கணக்கில் யோசிக்காதீர்கள். முதலில் ஒருவர் வரைவு எழுதி வெளியிடுவார். அதன் பெயரின் கடைசியில் 00 என்ற பதிப்பு எண் இருக்கும். ஆறு மாதத்தில் அது காலாவதியாகும். அதற்குள் திருத்தி 01, 02 என்று அடுத்தடுத்து வெளியிடுவார்கள். பணிக்குழு ஏற்றுக்கொண்டால் வரைவு எழுதியவரின் சொத்தாக இருக்காது, குழுவின் சொத்தாகிவிடும். அதன்பின் குழுவுக்குள் இறுதி அழைப்பு, அமைப்பு முழுவதற்குமான இறுதி அழைப்பு, வழிகாட்டும் குழுவின் மதிப்பாய்வு, கடைசியாகப் பதிப்பாசிரியரின் மேசை. இரண்டு மூன்று ஆண்டுகள் ஆவது சாதாரணம். பத்தாண்டு தாண்டியவையும் உண்டு.

வெளியாகும் ஆர்.எஃப்.சி. எல்லாமே தரநிலையா?

இல்லை. இதைச் சொல்வதற்கென்றே 1995-இல் ஓர் ஆர்.எஃப்.சி. எழுத வேண்டியிருந்தது. அதன் எண் 1796. தகவலுக்கானவை, சோதனை முயற்சிகள், நல்ல நடைமுறைகள், வழக்கொழிந்தவை என்று பல வகைகள் இருக்கின்றன. புறாக்காலில் கட்டி ஐ.பி. பொதிகளை அனுப்பும் முறையை விவரிக்கும் ஆர்.எஃப்.சி. 1149, 1990 ஏப்ரல் முதல் நாளில் வெளியானது. 2001-இல் நார்வேயின் பெர்கன் நகரில் சிலர் அதைச் செய்தே பார்த்தார்கள். ஒன்பது பொதிகள் போயின, நான்குக்குப் பதில் வந்தது.

இதைவிட வியப்பானது ஒன்று உண்டு. இணையத்தின் வலையமைப்புகளை ஒன்றோடொன்று இணைக்கும் பி.ஜி.பி.-4 நெறிமுறை 2006-இல் ஆர்.எஃப்.சி. 4271 ஆகத் திருத்தி வெளியிடப்பட்டது. அதற்குக் கிடைத்த தகுதி 'வரைவுத் தரநிலை'. அந்தப் படிநிலையையே 2011-இல் ஒழித்துவிட்டார்கள். உலகமே ஓடிக்கொண்டிருக்கும் நெறிமுறை, இல்லாத ஒரு படியில் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. பட்டத்துக்கும் பயன்பாட்டுக்கும் இங்கே பெரிய தொடர்பில்லை.

'ஓடும் நிரல்' என்று ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறார்கள்?

1989 ஜனவரியில் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் நடந்த ஐ.இ.டி.எஃப். கூட்டத்தின் மதிய உணவு வேளையில், சிஸ்கோவின் கிர்க் லோகீடும் ஐ.பி.எம்.மின் யாகோவ் ரெக்டரும் கைதுடைக்கும் தாள்களில் ஒரு நெறிமுறையைக் கிறுக்கினார்கள். அதே ஆண்டு ஜூனில் அது ஆர்.எஃப்.சி. 1105 ஆக வெளிவந்தது. அதுதான் பி.ஜி.பி.யின் முதல் பதிப்பு. இரு வேறு நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள் அதை உருவாக்கினார்கள் என்பதே இந்தக் கதையில் முக்கியம். தாளில் எழுதியதை ஒருவர் ஒருவிதமாகவும் மற்றவர் வேறுவிதமாகவும் புரிந்துகொண்டிருந்தால், இரண்டு பெட்டிகளையும் இணைத்ததுமே தெரிந்துவிடும்.

ஒரே ஆசிரியர் ஆவணத்தையும் எழுதி நிரலையும் எழுதினால், ஆவணத்தில் சொல்ல விட்டதை அவர் தலை நிரப்பிக்கொள்ளும். அவரை அறியாத இன்னொருவர் ஆவணத்தை மட்டும் படித்து நிரல் எழுதும்போதுதான் ஓட்டைகள் தெரியும். பி.ஜி.பி.யைக் கவனிக்கும் ஐ.டி.ஆர். பணிக்குழு, குறைந்தது இரண்டு செயலாக்கங்கள் இல்லாமல் ஓர் ஆவணத்தை மேலே அனுப்புவதில்லை என்ற வழக்கத்தைக் கடைப்பிடிக்கிறது. எல்லாக் குழுக்களும் இதைப் பின்பற்றினால் பல மெலிந்த ஆவணங்கள் பிறக்காமலேயே போயிருக்கும் என்பது என் எண்ணம்.

மஸ்ட், ஷுட், மே என்ற சொற்களைப் பெரிய எழுத்தில் போடுவது ஏன்?

1997-இல் வந்த ஆர்.எஃப்.சி. 2119 அவற்றுக்குத் திட்டமான பொருள் கொடுத்தது. மஸ்ட் என்றால் விதிவிலக்கே இல்லை. ஷுட் என்றால், தகுந்த காரணம் இருந்தால் விலகலாம், ஆனால் விளைவைத் தெரிந்துகொண்டு விலக வேண்டும். மே என்றால் விருப்பம்.

பி.ஜி.பி.யில் அண்டை ரூட்டரிடமிருந்து எவ்வளவு நேரம் செய்தி வராவிட்டால் அது செத்துவிட்டது என்று முடிவு செய்யலாம் என்பதற்கு ஒரு காலவரம்பு உண்டு. அது பூஜ்யமாகவோ குறைந்தது 3 நொடியாகவோ இருந்தே தீர வேண்டும். இது மஸ்ட். 90 நொடி என்பது பரிந்துரை மட்டுமே. பணிக்குழுக்களில் மிக நீண்ட சண்டைகள் மஸ்ட், ஷுட் என்ற இரண்டு சொற்களுக்கு இடையில்தான் நடக்கின்றன. ஏற்கெனவே ஷுட் என்பதை மீறும் பெட்டிகளை விற்றுவிட்ட நிறுவனம், அது மஸ்ட் ஆவதை எளிதில் விடாது.

புதிய தரநிலை வந்தால் பழைய ரூட்டர்களை என்ன செய்வது?

எல்லோரும் ஒரே நாளில் மாறும் வாய்ப்பே இல்லை. எனவே, புதியதை அறியாத ரூட்டர் நடுவில் இருந்தாலும் வேலை நடக்கும்படி வடிவமைக்க வேண்டும். இதற்கு பி.ஜி.பி.யில் அழகான ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஒவ்வொரு வழி அறிவிப்போடும் சில பண்புகள் இணைந்து போகும். 'விருப்பத்துக்குரியது, கடத்தத்தக்கது' என்று குறிக்கப்பட்ட பண்பு ஒன்று தனக்குப் புரியாவிட்டாலும், அந்த வழியை ஏற்கும் ரூட்டர் அதைத் தூக்கியெறியக் கூடாது. 'எனக்குப் புரியவில்லை' என்பதற்கு அடையாளமாக ஒரு பிட்டை மட்டும் ஏற்றிவிட்டு அப்படியே அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும்.

வலையமைப்புகளின் அடையாளமான ஏ.எஸ். எண் முதலில் 16 பிட் நீளம் மட்டுமே கொண்டிருந்தது. அதாவது 65,536 எண்கள். போதாது என்று தெரிந்ததும் 2007-இல் வந்த ஆர்.எஃப்.சி. 4893 அதை 32 பிட்டாக்கியது. பெரிய எண்ணைப் புரிந்துகொள்ளாத பழைய ரூட்டருக்கு, அதன் இடத்தில் 23456 என்ற பொது எண் காட்டப்பட்டது. உண்மையான எண்கள் ஒரு புதிய கடத்தத்தக்க பண்புக்குள் பயணம் செய்தன. நடுவில் இருந்த பழைய பெட்டிகள், தாங்கள் எதைச் சுமக்கிறோம் என்று தெரியாமலேயே சுமந்து சென்றன. மறுமுனையில் இருந்த புதிய ரூட்டர் பிரித்துப் படித்துக்கொண்டது. அறிவிக்கப்பட்ட மாற்று நாள் எதுவும் தேவைப்படவில்லை.

தவறான செய்தி வந்தால் ரூட்டர் என்ன செய்ய வேண்டும்?

என்னைக் கேட்டால், ரூட்டர் தரநிலைகளில் மிகக் கடினமான கேள்வி இதுதான். எல்லாம் சரியாக இருக்கும்போது என்ன நடக்க வேண்டும் என்று எழுதுவது எளிது.

பி.ஜி.பி.யின் பழைய விதி கறாரானது. அண்டை ரூட்டர் அனுப்பிய வழி அறிவிப்பில் பிழை இருந்தால், அதனோடு உள்ள தொடர்பையே, அதாவது அமர்வையே, துண்டித்துவிட வேண்டும். தவறாகப் பேசுபவரை நம்பக் கூடாது என்பது அதன் நியாயம். ஆனால் அமர்வு துண்டிக்கப்பட்டால், அதன் வழியே கற்ற ஆயிரக்கணக்கான நல்ல வழிகளும் சேர்ந்தே போய்விடும். மீண்டும் இணைந்ததும் அதே பிழை அறிவிப்பு வரும். மீண்டும் துண்டிப்பு.

இந்த விதி முந்தைய பதிலில் சொன்ன 'புரியாவிட்டாலும் கடத்து' விதியோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்பது 2010 ஆகஸ்ட் 27 அன்று தெரிந்தது. ஐரோப்பாவின் முகவரிப் பதிவகமான ரைப் என்.சி.சி.யும் டியூக் பல்கலைக்கழகமும் ஓர் ஆய்வுக்காக, 99 என்ற எண் கொண்ட புதிய பண்பை இணைத்து ஒரே ஒரு வழியை அறிவித்தன. அறிவிப்பு விதிப்படி முற்றிலும் சரியானது. ஆனால் பரவலாகப் பயன்பட்ட ஒரு ரூட்டர் மென்பொருளில் இருந்த பிழையால், அது பண்பைச் சிதைத்து அடுத்தவருக்கு அனுப்பியது. சிதைந்ததைப் பெற்ற அண்டை ரூட்டர்கள் விதிப்படி அமர்வைத் துண்டித்தன. அரை மணி நேரத்துக்குள் ஆய்வை நிறுத்திவிட்டார்கள். அதற்குள் இணையத்தின் முகவரித் தொகுதிகளில் ஏறத்தாழ ஒரு விழுக்காடு ஆட்டம் கண்டது.

இதில் யார் குற்றவாளி? ஆய்வாளர்கள் விதியை மீறவில்லை. துண்டித்தவர்களும் மீறவில்லை. மென்பொருள் பிழை இருந்தது என்பது உண்மையே. ஆனால் பிழையில்லாத மென்பொருளை எதிர்பார்த்து எழுதப்பட்ட விதியும் பிழையான விதிதான். 2015-இல் வந்த ஆர்.எஃப்.சி. 7606 இதை மாற்றியது. இப்போது, பிழையுள்ள பெரும்பாலான அறிவிப்புகளில், அவை சுட்டும் வழியை மட்டும் திரும்பப் பெற்றதாகக் கருத வேண்டும். சில பண்புகளை மட்டும் உதிர்த்துவிடலாம். செய்தியின் எல்லையே புரியாத அளவுக்குக் குழப்பம் இருந்தால் மட்டும் அமர்வைத் துண்டிக்கலாம். சொல்ல ஒரு பத்தி போதும். ஆனால் ஒவ்வொரு பண்புக்கும் எந்தச் சிகிச்சை என்று தனித்தனியே முடிவு செய்ய வேண்டியிருந்தது.

பெட்டியைத் திறந்ததும் இருக்கும் அமைப்பைத் தரநிலை தீர்மானிக்க வேண்டுமா? அது பயனர் மாற்றக்கூடியதுதானே?

மாற்றக்கூடியதுதான். ஆனால் பெரும்பாலோர் மாற்றுவதில்லை. அதனால் தொடக்க அமைப்பு என்னவோ அதுவே இணையத்தின் நடத்தையாகிவிடுகிறது.

ரூட்டர்களுக்கான தேவைகளைத் தொகுத்துச் சொல்லும் ஆர்.எஃப்.சி. 1812, 1995-இல் வந்தது. ஒரு வலையமைப்பின் எல்லாக் கணினிகளுக்குமான பொது அறிவிப்புப் பொதி வெளியிலிருந்து வந்தாலும், தொடக்க அமைப்பில் அதைக் கடத்திவிட வேண்டும் என்றது. அன்று அது உபகாரமாகத் தோன்றியது. சில ஆண்டுகளில் ஸ்மர்ஃப் எனப்படும் தாக்குதல் வந்தது. தாக்குபவர், பாதிக்கப்படப் போகிறவரின் முகவரியை அனுப்புநர் முகவரியாகப் போலியாக இட்டு, 'இருக்கிறாயா' என்று கேட்கும் ஒரே ஒரு பிங் பொதியைப் பொது முகவரிக்கு அனுப்புவார். அந்த வலையமைப்பின் அத்தனை கணினிகளும் அப்பாவியின் தலையில் பதில்களைக் கொட்டும். 1999-இல் ஆர்.எஃப்.சி. 2644 தொடக்க அமைப்பைத் தலைகீழாக்கியது: கடத்தாதே, வேண்டுமென்றால் நிர்வாகி இயக்கிக்கொள்ளட்டும். சில பக்கங்கள் மட்டுமே கொண்ட ஆவணம், ஆனால் பெரிய ஆவணங்கள் பல செய்யாத நன்மையைச் செய்தது.

2017-இல் வந்த ஆர்.எஃப்.சி. 8212-உம் இதே குணம் கொண்டது. வெளி வலையமைப்போடு பி.ஜி.பி. அமர்வு வைத்து, எதை ஏற்பது, எதை அறிவிப்பது என்ற கொள்கையை நிர்வாகி எழுதாவிட்டால், எதையும் ஏற்காதே, எதையும் அறிவிக்காதே என்கிறது. முன்பு பல பெட்டிகள் அனைத்தையும் அறிவித்துத் தள்ளின. வெளியே போகக் கூடாத வழிகள் மறதியால் கசிந்ததற்குக் கணக்கே இல்லை.

நெறிமுறைகளில் வரும் எண்களை யார் ஒதுக்குகிறார்கள்?

இந்த எண்களின் பதிவேட்டைப் பராமரிக்கும் ஐயானா அமைப்பு. பி.ஜி.பி.க்கு டி.சி.பி. போர்ட் எண் 179, ஓ.எஸ்.பி.எஃப்.புக்கு ஐ.பி. நெறிமுறை எண் 89 என்று ஒவ்வொன்றும் அங்கே பதிவாகியிருக்கும். இது வெறும் எழுத்தர் வேலை என்று நினைப்பவர்கள் 2016-இல் நடந்ததைக் கேட்க வேண்டும். நீண்ட ஏ.எஸ். எண்களுக்குப் பொருந்தும், வழிகளோடு ஒட்டப்படும் 'பெரிய சமூகக் குறிகள்' என்ற புதிய பண்புக்கு 30 என்ற எண் முறைப்படி ஒதுக்கப்பட்டது. சோதனைக்காக ஒரு வழியை அறிவித்தபோது, சில வலையமைப்புகளில் அந்த வழி காணாமல் போனது. ஒரு தயாரிப்பாளர் அதே 30-ஐக் கேட்காமல் கொள்ளாமல் வேறு வேலைக்குப் பயன்படுத்திவந்தது அப்போதுதான் வெளிப்பட்டது. கடைசியில் 32 கொடுக்கப்பட்டது. இப்படி ஆக்கிரமிக்கப்பட்டிருந்த 30, 31, 129 உள்ளிட்ட எண்களை இனி யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று ஓர் ஆவணமே வெளியிட்டார்கள்.

தரநிலைக்குள் காப்புரிமை (பேடென்ட்) இருக்கலாமா?

இருக்கலாம். ஆனால் பங்கேற்பவர் தமக்குத் தெரிந்த, தம்முடையதோ தம் நிறுவனத்தினுடையதோ ஆன காப்புரிமையை வெளிப்படுத்தியாக வேண்டும். ஏற்பதா வேண்டாமா என்று குழு முடிவு செய்யும். ஒரு ரூட்டர் விழுந்தால் மற்றொன்று அதன் இடத்தை எடுத்துக்கொள்ள உதவும் வி.ஆர்.ஆர்.பி. 1998-இல் இப்படித்தான் காப்புரிமைச் சிக்கலோடு வந்தது. அதை விரும்பாத ஓபன்பிஎஸ்டி என்ற திறந்த மூல இயங்குதளத்தின் குழுவினர் கார்ப் என்ற மாற்றைச் சொந்தமாக எழுதி 2004-இல் வெளியிட்டார்கள். அதற்குத் தனி எண் கிடைக்காததால் வி.ஆர்.ஆர்.பி.யின் நெறிமுறை எண்ணான 112-ஐயே போட்டுக்கொண்டார்கள். இரண்டையும் ஒரே வலையில் ஓட்டுபவர்கள் இன்றும் இடறி விழுகிறார்கள்.

ஒருவர் பொய்யான வழியை அறிவித்தால் தரநிலை தடுக்காதா?

நெடுங்காலம் தடுக்கவில்லை. 2008 பிப்ரவரி 24 அன்று யூடியூப்பை நாட்டுக்குள் முடக்க நினைத்த பாகிஸ்தான் டெலிகாம், யூடியூப்பின் முகவரித் தொகுதியில் ஒரு சிறு பகுதியைத் தனது என்று அறிவித்தது. அது எல்லை தாண்டிக் கசிந்தது. சிறிய, குறிப்பான தொகுதிக்கே ரூட்டர்கள் முன்னுரிமை தரும் என்பதால், உலகின் யூடியூப் போக்குவரத்து சுமார் இரண்டு மணி நேரம் அந்தப் பக்கம் திரும்பியது.

ஆர்.பி.கே.ஐ. என்ற ஏற்பாடு 2012-இல் தரநிலையாக வரத் தொடங்கியது. எந்த முகவரித் தொகுதியை எந்த ஏ.எஸ். எண் கொண்ட வலையமைப்பு அறிவிக்கலாம் என்று உரிமையாளர் கையெழுத்திட்டுச் சான்று வைப்பார். வரும் அறிவிப்பை ரூட்டர் சரி, தவறு, சான்றில்லை என்று மூன்றாகப் பிரிக்கும். மூன்றாவது வகைதான் இதன் சாமர்த்தியம். சான்று இல்லாதவர்களைத் துண்டிக்காததால், சேர்ந்தவர்களும் சேராதவர்களும் ஒன்றாக ஓட முடிந்தது. 2024-இல், ஐ.பி.யின் பழைய பதிப்பான ஐ.பி.வி4 வழிகளில் பாதிக்கு மேல் சான்று பெற்றுவிட்டன. வழி முழுவதையும் ஒவ்வொரு கட்டத்திலும் கையெழுத்தால் உறுதிசெய்யும் பி.ஜி.பி.செக் 2017-இல் தரநிலையானது. அதை ஓட்டுபவர் கிட்டத்தட்ட யாருமில்லை. வழியில் இருக்கும் அத்தனை பேரும் சேர்ந்தால்தான் அது பயன் தரும். முதலில் சேர்பவருக்குச் செலவு மட்டுமே மிஞ்சும்.

வீட்டு ரூட்டருக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும், ஆனால் தனி ஆவணங்கள் உண்டு. ஐ.பி.யின் புதிய பதிப்பான ஐ.பி.வி6-க்கு வீட்டு ரூட்டர் என்ன செய்ய வேண்டும் என்பதை 2013-இன் ஆர்.எஃப்.சி. 7084 சொல்கிறது. எல்லாப் பெட்டிக்கும் ஒரே கடவுச்சொல் வைப்பது, பாதுகாப்புத் திருத்தங்களை எத்தனை காலம் தருவோம் என்று சொல்லாமலே விற்பது போன்றவை ஐ.இ.டி.எஃப். எல்லைக்கு வெளியே. ஜெர்மனியின் தகவல் பாதுகாப்பு அமைப்பான பி.எஸ்.ஐ. வெளியிட்ட டி.ஆர்.-03148, ஐரோப்பாவின் ஈ.என். 303 645 போன்றவை அவற்றைக் கையாள்கின்றன.

மீறினால் தண்டனை?

இல்லை. ஐ.இ.டி.எஃப்.புக்குக் காவலர்கள் கிடையாது. வாங்குபவர்தான் காவலர். பெரிய வலையமைப்புகள் கொள்முதல் ஒப்பந்தத்தில் ஆர்.எஃப்.சி. எண்களைப் பட்டியலிடுகின்றன. அந்தப் பட்டியலில் 7606-உம் 8212-உம் இருக்கின்றனவா என்று பாருங்கள். புதுப்பிக்காத பழைய பட்டியல்களில் அவை இருக்காது. விற்பவர் 'ஆதரிக்கிறோம்' என்று சொன்னால், சோதனைக் கூடத்தில் வேண்டுமென்றே சிதைத்த ஓர் அறிவிப்பை அனுப்பி, அமர்வு துண்டிக்கப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

நான் தனியாள். எங்கே தொடங்குவது?

புதிய நெறிமுறை எழுதிக்கொண்டு போகாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த நெறிமுறையின் பணிக்குழு வரைவு ஒன்றை எடுங்கள். பேர்டு, எஃப்.ஆர்.ஆர். போன்ற திறந்த மூல ரூட்டர் நிரல்களில் அதைச் செயலாக்க முயலுங்கள். எழுதும்போது 'இந்த இடத்தில் என்ன செய்வது என்று ஆவணம் சொல்லவில்லையே' என்று கை நிற்கும் இடங்களைக் குறித்து, பணிக்குழுவுக்கு எழுதுங்கள். பிரிவு எண், இரண்டு விதமாகப் படிக்க முடிகிற வாக்கியம், அந்த இரண்டு பொருளிலும் ரூட்டர் என்ன செய்யும் என்பது, இவ்வளவு இருந்தால் போதும். ஆவணம் ஏற்கெனவே ஆர்.எஃப்.சி. ஆகிவிட்டிருந்தால் பிழைத்திருத்தப் பதிவாக அனுப்பலாம். நல்ல குறிப்பு என்றால் அடுத்த பதிப்பின் நன்றிப் பகுதியில் உங்கள் பெயர் இருக்கும்.